கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை

“சர்வீஸ் அடிக்கும் உரிமை எதிரணியிடமிருந்து கைக்கு வந்ததும், ஆறு ஆட்டக்காரர்களும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓரிடம் நகர வேண்டும்.” வாலிபாலில் இடம் மாறுவதற்கான விதி இதுதான். ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் வெளியிட்ட விதிப் புத்தகத்தில் இந்த வாக்கியம் இருக்காது. கையெழுத்துப் பிரதியில் இருந்தது. நான்தான் எடுத்தேன்.

பக்கத்தில் ஒரு வரி அதிகமாக நின்றது. “மேலே உள்ள படத்தில் காட்டியபடி இடம் மாறவும்” என்று சுருக்கினேன். ஒரு வாக்கியத்தை நீக்க எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும் என்பதைப் பின்னாளில் அரசாங்கத்தில் சேர்ந்துதான் கற்றுக்கொண்டேன். அப்போது ஒரு பென்சில் போதுமாக இருந்தது.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே நீளமான ஓர் அறை. அதில்தான் எங்கள் விளையாட்டு மாத இதழ், விதிப் புத்தகங்கள், போட்டிச் சுவரொட்டிகள், வென்றவர்களுக்குச் சான்றிதழ் எல்லாம் தயாராகும். முதலாளிக்கு எல்லா ஆட்டமும் தெரியும். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. படங்களுக்கு ஓர் ஓவியர். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர். தரைவிரிப்பு லினோலியத்தில் ஒரு துண்டை மரக்கட்டையில் ஒட்டி, உளியால் செதுக்கி அச்சுக்குத் தருவார். நான் மெய்ப்பு பார்ப்பவன். கல்லூரியை முடித்துவிட்டு, வேறு உத்தியோகம் கிடைக்கும்வரை என்று சேர்ந்தவன்.

புத்தகம் வந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் கடப்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய்; அந்த ஊர் வாலிபால் அணிக்குத் தலைவர். மற்ற ஐந்து பேரும் மீனவர்கள். எங்கள் புத்தகத்தை என் மேஜைமேல் போட்டார்.

“சார், இது நீங்க போட்ட புக்குதான?”

“ஆமாம்.”

“நாங்க இத்த பாத்துதான் கத்துகினோம். போட்டில ஒவ்வொரு தபா எடம் மாறச்சொல்லோவும் ரெஃப்ரி ஊதிக்கினே கீறாரு. புக்க காட்னா, எனக்கே சட்டம் சொல்றியான்னு வெளிய அனுப்ச்சிட்டாரு. இன்னா சார் தப்பு? புக்குலயா, எங்க கால்லயா?”

ஓவியர் தலையைத் தூக்கினார். “இன்னா பாய், நாஸ்தா துன்னாம வந்தியா? இம்மாஞ் சூடாகீற.”

“நாஸ்தா கெடக்குது அண்ணாத்த. ரெண்டு வருசம் ஆடக்கூடாதுன்ட்டாங்க. அதுக்குள்ள பசங்க ஆளுக்கொரு பக்கம் பூடுவானுங்க. அப்பறம் டீமு ஏது?”

நான் அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். ஆறு வட்டங்கள், ஆறு அம்புக்குறிகள். படம் சரியாகத்தான் தெரிந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். முள் ஒரு பக்கம் போனது, அம்புகள் மறுபக்கம் போயின. எப்படி இது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஓவியர் கையில் இருந்த மூலப்படத்தில் அம்புகள் சரியான திசையில் இருந்தன.

ஓவியர் புத்தகத்தின் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து பார்த்தால் அம்புகள் சரியாக ஓடின. கட்டையில் செதுக்கும்போது இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பெயர்ப்பலகை எழுதிய கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. எழுத்து ஒன்று இருந்திருந்தால் இடவலம் மாறித் தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். வட்டத்துக்கும் அம்புக்கும் அந்த நாணயம் கிடையாது.

ஆவல் தாங்காமல் பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். அவர் செதுக்கிய டென்னிஸ்காரர்கள், குண்டு எறிபவர்கள், பந்து வீசுபவர்கள் எல்லோரும் இடக்கையர்கள். இரண்டு வருஷமாக நான் மெய்ப்பு பார்த்த இதழ்கள்.

இன்னொன்றும் என்னைக் குடைந்தது. புத்தகம் எத்தனையோ பள்ளிகளுக்குப் போயிருக்கிறது. ஒரு டிரில் மாஸ்டர்கூட ஏன் எழுதிக் கேட்கவில்லை? ஏற்கெனவே தெரிந்தவர்கள் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கற்றுத்தர ஆளில்லாத கடப்பாக்கம்தான் எங்களை அப்படியே நம்பியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கருங்குழியில் டயர் வெடித்து ஒரு மணி நேரம் போயிற்று. கடப்பாக்கத்தில் இடிந்த கோட்டைக்குப் பக்கத்தில், ஈரம் காய்ந்து இறுகிய மணலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மீன்வலையை மடித்துக் கட்டிய நெட். எதிர்த்திசையில் அவர்கள் சுற்றிய வேகமும் ஒழுங்கும் எனக்கு வியப்பாக இருந்தன. யாரும் யாரையும் பார்க்காமலே இடம் போய்ச் சேர்ந்தார்கள். சரியான திசையைச் சொன்னதும் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள்.

“இன்னா சார், இம்மா நாளும் நண்டு மாறியா நடந்துகினு இருந்தோம்?” என்றார் ஒரு மீனவர்.

“நண்டாச்சும் தெரிஞ்சி நடக்குது மச்சான்” என்றார் பாய்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இவர்களைப் பார்த்து, கரையோரமாக மாமல்லபுரம் பக்கம் வரை மூன்று குப்பங்களில் ஆட்டம் பரவியிருந்தது. எல்லாரும் எதிர்த்திசை. பாய் வாரம் ஒரு குப்பமாகச் சைக்கிளில் போய், தான் கற்றுக்கொடுத்ததைத் தானே தவறு என்று சொல்லித் திருத்தினார். நாங்கள் செய்ய வேண்டிய வேலை அது.

முதலாளியிடம், தடை போட்ட போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதலாம் என்றேன்.

“ஓய், நம்ம புக்கு தப்புன்னு நாமளே தமுக்கு அடிக்கறதா? நாளைக்கு எந்த ஸ்கூல்ல நம்மள நம்புவான்?”

“புத்தகத்தைப் படிக்காதவர்கள் தொடர்ந்து நம்புவார்கள். படித்தவர்களுக்குத்தான் சிக்கல்.”

அவர் முறைத்தார். திருத்தச் சீட்டு அச்சடித்து மிச்சப் பிரதிகளில் ஒட்டச் சம்மதித்தார். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட கடிதத்தாளைத் தரச் சம்மதிக்கவில்லை. ஆகவே வெள்ளைத்தாளில் நானே எழுதினேன்: படம் இடவலம் மாறி அச்சானது, விளக்க வாக்கியத்தை நீக்கியவன் மெய்ப்பு பார்த்த நான், அணியினர் நடுவரை அவமதிக்கவில்லை, அச்சான விதியைக் காட்டினார்கள். இணைப்பு ஒன்று, புத்தகம். இணைப்பு இரண்டு, திருத்தச் சீட்டு. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.

அட்டை மூன்றாம் நாள் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். நேரில் போனேன். குழு கூடித்தான் முடிவு செய்ய முடியும் என்றார்கள். எப்போது கூடும் என்று கேட்டேன். அதையும் குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டுமாம்.

பாய் செங்கல்பட்டுக்கு உதிரிச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.

“வந்துச்சா சார்?”

“இல்லை.”

“பசங்க கேட்டுகினே கீறானுங்க. ரெண்டு பேரு பொழப்புக்கு காசிமேடு போறேன்றான். நான் இன்னும் ஒரு மாசம்னு புடிச்சி வெச்சிகீறேன்.”

அடுத்த போட்டிக்கு அறிவிப்பு வந்ததும் ஆறு பேர் கையெழுத்தோடும் விண்ணப்பத்தை நிரப்பி என்னிடம் கொடுத்துவிடப் பாயிடம் சொன்னேன். தடை நீங்காமல் கொடுத்தால் நிராகரிப்பார்கள். நிராகரித்ததை மறுபடி வாங்க விதியில் இடமில்லை. அதனால் என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். ஓவியர் தினமும் தபால்காரரை எனக்கு முன்னால் வாசலில் மறிப்பார். அவர் புதிதாகச் செதுக்கிய கட்டையை நான் ஜன்னலில் சாய்த்துவைத்த கண்ணாடியில் பார்க்காமல் அச்சுக்கு விடுவதில்லை.

கடைசியில் பதில் வந்தது. இரண்டே வரி. விளக்கம் ஏற்கப்பட்டது, தடை நீக்கப்படுகிறது. நடுவர்களின் உபயோகத்துக்குத் திருத்திய புத்தகம் ஆறு பிரதி அனுப்பி வைக்கவும். ஓவியர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “ரெஃப்ரிங்களுக்கும் புக்கு வேணுமாங்காட்டியும்” என்றார். நான் இழுப்பறையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு குழு அலுவலகத்துக்கு நடந்தேன். பெயர் கொடுக்கக் கடைசி நாள் பிப்ரவரி இருபத்தொன்று. பதில் வந்தது இருபதாம் தேதி, மதியத் தபாலில்.