டயர் மணக்கும் கடலாச்சி

சென்ற சனிக்கிழமை காருக்குக் கோடைக்கால டயர் மாற்றப் போயிருந்தேன். குளிர்கால டயரை ஒக்டோபரில் பூட்டி ஈஸ்டரோடு கழற்றுவது இந்த நாட்டு வாய்மொழி விதி. அந்த விதிக்கு இரண்டு கிழமை பிந்திவிட்டேனே என்ற எரிச்சலோடு ஃப்ரிபூர்க் புறநகரில் ஒரு கராஜில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கூரை முட்ட அடுக்கியிருந்த புது டயர்களின் மணம் மூக்கில் ஏறியது. என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். கராஜ்காரன் என் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உங்களுக்குச் சொல்லலாம். எங்கள் கடலாச்சி அம்மன் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு டயர்க் களஞ்சியத்தின் பின்பக்க மண்டபத்தில்தான் குடியிருந்தாள். நடுவில் ஒரு தகரக் கதவு. எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் ரப்பர் மணம்தான் வெல்லும். கிழக்கிலங்கைக் கடற்கரையில் உப்புக் காற்றிலும் கருவாட்டு மணத்திலும் இருந்த தெய்வம், இங்கே ரப்பரில் பழகிக்கொண்டாள். நாங்களும் பழகினோம். இன்றைக்கும் எனக்குப் புது டயர் என்றால் சந்நிதி.

அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் கோயில் குழுமத்தின் செய்தி வந்தது. இந்த வருடத் தீர்த்த யாத்திரை பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை. பஸ் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. கார்த் தரிப்பிடத்திலிருந்து கோயில் வாசல் வரை நடை. நடப்பவர்கள் நல்ல சப்பாத்து அணியவும்.

கார்த் தரிப்பிடத்திலிருந்து வாசல் வரை! என் வீட்டிலிருந்து குப்பைத் தொட்டி அதைவிடத் தூரம்.

தேதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. கடலாச்சிக்குத் தீர்த்தம் எடுப்பது வைகாசிப் பறுவத்தில், நிலவு நிறைந்த நாளில். ஊரில் கடற்கரையோரமாகக் கிராமம் கிராமமாக ஆட்கள் நடந்து வந்து சேர்வார்கள். அன்று எடுத்த கடல்நீரில் அம்மனின் விளக்கு எரியும் என்பது நம்பிக்கை. இங்கே விடுமுறை பார்த்துத்தான் தெய்வ காரியம். வேடிக்கை என்னவென்றால் ஈஸ்டரும் நிலவைப் பார்த்துக் கணித்ததுதான். பெந்தெகொஸ்தே ஈஸ்டரைப் பார்த்து, ஏழு கிழமை கழித்து வருவது. ஆனால் அந்தக் கணக்கின் அமைப்பு அப்படி, பெந்தெகொஸ்தே திங்கள் எங்கள் பறுவத்துக்குச் சில நாட்கள் முந்தியே வந்து போய்விடும். விடுமுறை வந்தால் நிலவு நிறையாது. நிலவு நிறைந்தால் விடுமுறை இராது. இதை நான் நிர்வாக சபையில் படம் வரைந்து விளக்கினேன். சபைத் தலைவர் கனகு அண்ணை கொட்டாவி விட்டார்.

"தம்பி, எங்களுக்கு லீவு எப்ப எண்டு அம்மனுக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஒரு வசனத்தோடு என் வானசாஸ்திரம் முடிந்தது. இனி நான் சொல்லப் போகும் யாத்திரை நடந்த வருடமும் எனக்குத் திட்டமாகத் தெரியும். எழுதினால் "அது அந்த வருசம் இல்லை" என்று நாலு பேர் தொலைபேசி எடுப்பார்கள். ஆகவே விடுகிறேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியாது.

அது சிவபாதம் அண்ணையின் மூன்றாவது வருடம். அவர் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். ஒரு குளிர்காலம் முழுவதும் அவருடைய மனைவி தவமணி அக்கா பேர்ன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது அண்ணை ஒரு நேர்த்தி வைத்தார்: அக்கா எழும்பி வந்தால், தொடர்ந்து மூன்று வருடம் வாய் கட்டித் தீர்த்தக்குடம் சுமப்பேன். குடம் சுமப்பவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். தீர்த்தம் அம்மனுக்கு முன் இறங்கும்வரை ஒரு சொல் பேசக் கூடாது. குடம் வழியில் நிலத்தில் படக் கூடாது. இரண்டில் ஒன்று பிசகினாலும் முதலாம் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். அக்கா எழும்பி வந்துவிட்டார். இரண்டு வருடம் ஒழுங்காக நிறைவேறியும் விட்டது. மூன்றாம் வருடம் லீவு கேட்டபோது ஹோட்டல் பெரிய சமையல்காரர் மேசையில் கரண்டியால் தட்டி, பெந்தெகொஸ்தே நாளில் லீவு இதுதான் கடைசி என்று சொல்லியிருந்தார். ஆக, அன்று பிசகினால் நேர்த்தி பிசகினதுதான்.

இது அத்தனையும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் நாங்கள் அவ்வளவும் செய்தோம்.

ஃப்ரிபூர்க்கிலிருந்து முதல் ரயிலில் முர்டன் ஏரிக்குப் போய், நீர் எடுத்து, நடந்து திரும்புவது திட்டம். இலையுதிர் காலத்தில் ஓட்டப் போட்டி நடக்கும் அதே வீதி. பழைய காலத்துப் போரொன்றின் வெற்றிச் செய்தியை ஒரு வீரன் கையில் மரக்கிளையோடு இந்த வழியால் ஓடி வந்து சொன்னான், சொன்னவுடன் விழுந்து செத்தான் என்று இங்கே ஒரு கதை உண்டு. வாயைத் திறந்தால் காரியம் கெடும் என்பதற்கு அவனும் ஓர் உதாரணம் என்று அண்ணைக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஏரிக்கரையில் முதல் பிரச்சினை: அலை இல்லை. ஊரில் மூன்று அலையைத் தலையில் வாங்கிய பிறகே குடத்தை அமிழ்த்துவார்கள். முர்டன் ஏரி கண்ணாடி போலக் கிடந்தது. அண்ணை வாய் கட்டி, வேட்டியோடு இடுப்பளவு நீரில் நின்றார். நாலு வாத்துகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. என்ன செய்யலாம் என்று சபை கரையில் கூடிக் கதைத்தது. உல்லாசக் கப்பல் போனால் அலை வரும் என்று நான்தான் சொன்னேன். கப்பல் நேர அட்டவணை என்னிடம் இருந்தது. இருக்காமல் விடுமா? கப்பல் வர இன்னும் நெடுநேரம் இருந்தது. மே மாதத்து ஏரி நீர், நண்பரே, பனி உருகிய நீர். அண்ணை குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அந்த இடைவெளியில் இரண்டாவது பிரச்சினை. கனகு அண்ணை ஓர் உப்புப் பெட்டியை எடுத்தார்.

"கடலாச்சிக்கு நல்ல தண்ணி எப்பிடி வைக்கிறது? ஒரு பிடி போடுவம்."

"அது அயடீன் போட்ட உப்பண்ணை. அம்மனுக்கு ஆகுமோ?" என்றார் தவமணி அக்கா.

"நல்லதுதானே பிள்ளை. ஆச்சிக்குக் கழலை வராது!"

மலைநாடு ஆகையால் முற்காலத்தில் இங்கே கழுத்து வீங்கும் கழலை நோய் பரவலாக இருந்தது, அதனால்தான் உப்பில் அயடீன் சேர்த்தார்கள் என்ற வரலாற்றை நான் தொடங்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. அதற்குள் கப்பல் வந்துவிட்டது. மூன்று சின்ன அலைகள். அண்ணை மூன்றுக்கும் தலை குனிந்தார், குடத்தை அமிழ்த்தினார், தோளில் ஏற்றினார். கனகு அண்ணை சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஓடி உப்பை வீசினார். சிவபாதம் அண்ணை ஓரடி விலகினார். உப்பு முழுவதும் ஏரிக்குப் போயிற்று. அன்று முர்டன் ஏரி ஒரு பிடி கடலானது.

பிறகு நடை. வயல்களுக்குச் சாண நீர் தெளிக்கும் பருவம். அந்த வீச்சத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. நாலு பேர் பிடித்த வெள்ளைத் துணிப் பந்தலின் கீழ் அண்ணை வெறுங்காலோடு போனார். பந்தலுக்கு வெளியே ஊரே வாயைத் திறந்துகொண்டு வந்தது. ஒருவர் வாய் கட்டினால் மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துக் கதைக்க வேண்டும் என்று விதி இருப்பதுபோல.

"அண்ணை, தண்ணி வேணுமோ?"

"கால் நோகுதோ அண்ணை?"

"வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்!"

கடைசியாகச் சொன்னவரைத் தவமணி அக்கா வேப்பங்கொத்தால் முதுகில் ஒன்று போட்டார். அண்ணை புருவத்தால் மட்டும் பதில் சொல்லிக்கொண்டு போனார்.

கப்பலுக்குக் காத்திருந்த பிழையால், லா சோனா ஏற்றத்துக்கு வந்து சேர உச்சி வெயிலாகிவிட்டது. ஓட்டப் போட்டிக்காரர்களே பயப்படும் ஏற்றம் அது. அண்ணை ஒரு காலை இழுக்கத் தொடங்கினார். அடிவாரத்தில் மோட்டார் சைக்கிளோடு ஒரு பொலிஸ்காரர் நின்றார். நடந்து போக அனுமதி எடுத்திருந்தோம், கடிதத்தைக் காட்டினேன். அவருக்கு அது பிரச்சினை இல்லை. இந்த மனிதரின் வாயை ஏன் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு அண்ணையிடமே கேட்டார். அண்ணை கண்ணை மட்டும் உருட்டினார்.

நான் வழக்கம்போல ஆதியிலிருந்து தொடங்கினேன். கடல், அம்மன், பறுவம். பொலிஸ்காரரின் முகம் மாறிக்கொண்டு வந்தது. கனகு அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது. என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்து, டொய்ச் என்னும் ஜெர்மன் மொழியில் தனக்குத் தெரிந்த சொற்களுக்குள் மிகச் சுருக்கமானதை எடுத்து விட்டார்:

"சான்வே!"

பல்லுவலி.

பொலிஸ்காரர் மிக நல்லவர், அதுதான் வினை. பல்லுவலியோடு ஒருவர் இந்த வெயிலில் பாரம் சுமப்பதா? அவசரப் பல் மருத்துவருக்கு வாகனம் கூப்பிடுகிறேன் என்று தொலைபேசியை எடுத்தார். மற்றக் கையால் குடத்தைப் பிடித்து, இதைப் புல்லில் வைத்துவிட்டு உட்காருங்கள் என்று அன்பாக இழுத்தார். அண்ணை இழுத்துப் பிடித்தார். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், பொலிஸ்காரர் கையை எடுத்துவிடுவார். அந்த ஒரு சொல்லைத்தான் அவர் சொல்லக் கூடாது. நீர் தளும்பி அவர் தோளில் வழிந்தது. துணிக்குள் தாடை அசைவதை நான் பார்த்தேன். அவ்வளவு நேரமும் வாய் ஓயாமல் வந்த கூட்டம், பேச வேண்டிய அந்த இடத்தில் கல்லாக நின்றது. என்னையும் சேர்த்துத்தான்.

தவமணி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருடைய டொய்ச் முதியோர் இல்லத்தில் சலவை மடித்துக்கொண்டு கற்றது, இலக்கணம் கிடையாது. நான் நோயாளி, என்றார். நான் செத்திருப்பேன். இவர் வாக்குக் கொடுத்தார். மூன்று தரம். இன்று மூன்றாவது. கதைத்தால் இல்லை. கீழே வைத்தால் இல்லை. பல் நல்ல பல்.

பொலிஸ்காரர் குடத்திலிருந்து கையை எடுத்தார். கனகு அண்ணையைப் பார்த்தார். கனகு அண்ணை மஞ்சள் நிற நடைபாதைப் பலகையை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார். தன் அம்மாவும் முன்னொரு காலத்தில் சப்பாத்துக்குள் உலர்ந்த பட்டாணி போட்டுக்கொண்டு ஐன்சீடெல்ன் கறுப்பு மாதாவிடம் நடந்து போனவர் என்றார் பொலிஸ்காரர். யாருக்காக என்று தனக்குக் கடைசிவரை சொல்லவில்லையாம். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறி, நடை வேகத்தில் எங்களுக்கு முன்னால் போய், ஏற்றம் முடியும்வரை கார்களை ஒதுக்கிக்கொண்டே வந்தார்.

ரப்பர் மணத்துக்குள் குடம் இறங்கியது. விளக்கு எரிந்ததா என்று கேட்பீர்கள். எரிந்தது. கனகு அண்ணையின் சால்வைக்குள் ஓர் எண்ணெய்ப் போத்தல் இருந்ததையும் கண்டேன்; அன்றைக்கு அதற்கு மேல் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. துணியை அவிழ்த்தார்கள். அண்ணையின் முதல் சொல் அம்மனின் பெயராக இருக்கும் என்று எல்லோரும் கைகூப்பி நின்றோம்.

"பல்லுவலி எண்டு சொன்ன விசரன் எங்க?"

கனகு அண்ணை தகரக் கதவைத் திறந்து டயர்களுக்குள் மறைந்தார். சிவபாதம் அண்ணை அதன்பிறகு தவமணி அக்காவிடம் திரும்பி, "நீ இருந்து காலாறு, நிண்டது காணும்" என்றார்.

இப்போது அந்தக் களஞ்சியம் இல்லை. இடித்துவிட்டு வீட்டுத் தொடர் கட்டிவிட்டார்கள். அம்மனுக்குப் பளிங்குத் தரை, லிஃப்ட், சந்தன மணம் வீசும் தெளிப்பான். குடம் பஸ்ஸில் முன் ஆசனத்தில் பட்டி போட்டு வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு வாய் கட்டுவதும் போய்விட்டது. கடதாசி மாஸ்க் போட்டால் போதுமாம். சென்ற வருடம் குடம் தூக்கிய பெடியன் மாஸ்க்குக்குள்ளால் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே வந்தான். சிவபாதம் அண்ணை முழங்கால் மாற்றி இன்டர்லாக்கனிலேயே இருக்கிறார். யாத்திரைக்கு வாங்கோ என்று ஒருமுறை கேட்டதற்கு, "பஸ்ஸில இருந்துகொண்டு வாறதுக்கு என்ன நேர்த்தி தம்பி?" என்றார்.

கராஜில் இருந்தபடியே குழுமத்தில் ஒரு கேள்வி எழுதினேன்: "இந்த வருடம் வாய் கட்டுவது யார்?" கட்டைவிரல்கள் வந்தன. கூப்பிய கைகள் வந்தன. கனகு அண்ணை ஒரு நீண்ட குரற்செய்தி அனுப்பினார். அதில் பஸ் எங்கே நிற்கும் என்பது மட்டும் இருந்தது.

கராஜ்காரன் வந்து கார் தயார் என்றான். குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். இந்த முறை நாலு டயரும் புதிது. கொஞ்சத் தூரம் ஓடினால் அந்த மணமும் போய்விடும்.