என் தங்கை எடுத்த படிப்பு

என் தங்கை தோற்றுப்போக வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்ட காலை ஒன்று உண்டு. பெங்களூருக்கு வடக்கே, ஒரு அரசு வேளாண் கல்லூரியின் வளாகத்தில், புங்க மரத்தடியில் இருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த கூடத்தில் அவளுக்கு நேர்முகத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது, ஜன்னல்கள் திறந்திருந்தன. திடீரென்று உள்ளிருந்து நான்கைந்து ஆண்கள் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. போச்சு, ஏதோ உளறிவிட்டாள், இனிமேலாவது வழிக்கு வருவாள் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மற்றபடி நான் நல்ல அண்ணன்தான். அது தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா வேலை பார்த்த துணி ஆலை மூடிவிட்டதால் அவர் பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலாளியாகப் போய்க்கொண்டிருந்தார். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி இரண்டு அறை வீடு. ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் வீட்டு வழக்கம். சண்டைக்கும் அதே விதிதான். நான் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. வீட்டில் எது நடந்தாலும் என்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அந்த நம்பிக்கையைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

தங்கை என்னைவிட ஏழு வயது சின்னவள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர், பன்னிரண்டாவதுக்குச் சமமான பி.யு.சி. முடித்த பிறகும். கன்னட வழியில் படித்தவள். பத்தாவது படிக்கும்போதே கன்னட நாளிதழ்களுக்கு வாசகர் கடிதம் எழுதுவாள். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி அவள் எழுதிய கடிதம் அச்சில் வந்து, நான்காம் நாள் தண்ணீர் வந்தபோது, தெருவே அவளைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், எழுதித்தான் பிழைக்கப் போகிறேன் என்று.

எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் எங்கே போய்ப் படித்து எழுத வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இதழியல் பட்டப்படிப்பு இருந்தது. வழவழப்பான தாளில் அச்சடித்த அவர்கள் கையேட்டை ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போய் வாங்கிவந்தேன். புல்வெளியில் உட்கார்ந்து பெண்கள் இங்கிலீஷில் சிரிப்பதுபோல ஒரு படம் அதில் இருந்தது. லாரி ஆபீஸ் முதலாளியிடம் கடன் கேட்டு வைத்தேன். எனக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வீட்டாரிடம் இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னேன். தியாகம் செய்கிறவனுக்கு வரும் மிதப்பு எனக்கு வந்துவிட்டது. பாப்பா அந்தக் கையேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள். கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது.

மறுநாள் அவள் தன் பங்குக்கு ஒரு தாளை நீட்டினாள். ரோனியோ மெஷினில் மங்கிய எழுத்தில் நகலெடுத்த, அரசு வேளாண் கல்லூரியின் அறிவிப்பு அது. வேளாண் தகவல் தொடர்பும் இதழியலும் என்று ஒரு புதிய படிப்பு.

"அண்ணா, அந்தக் காலேஜ்ல ஒரு வருஷத்துக்கு வாங்குற பணத்துல இங்க மொத்தப் படிப்பும் முடிச்சிடலாம். மெஜஸ்டிக்ல இருந்து நேர் பஸ் இருக்குது. ஸ்டூடண்ட் பாஸ் போதும். நீ யார்கிட்டயும் கை நீட்ட வேணாம்."

"சேத்துல நின்னுக்கினு நியூஸ் எழுதப் போறியா? உரம், பூச்சி மருந்து... யார் படிப்பாங்க அதை?"

"அவங்களுக்குத்தான் படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லைண்ணா. இங்கிலீஷ் பேப்பர்ல எழுத ஆயிரம் பேர் நிக்கிறாங்க."

ரயில் ஒன்று வந்தது. அது போய் முடியும்வரை காத்திருந்தேன். போனதும், நெல்லுக்கும் ராகிக்கும் வித்தியாசம் தெரியாதவள் விவசாயிக்குப் புத்தி சொல்லப் போகிறாளாம் என்று கத்தினேன். உள்ளிருந்து அம்மா, "உனக்கு மட்டும் தெரியுமா?" என்றாள். எனக்கும் தெரியாதுதான். களியாகத் தட்டில் விழும்போதுதான் ராகியை எனக்கு அடையாளம் தெரியும்.

அவள் விண்ணப்பம் போட்டாள், நேர்முகத் தேர்வுக்கு அழைப்புக் கடிதமும் வந்தது. தேர்வுக்கு வரும் எல்லாருக்கும் ஒரு விவசாயக் குறிப்புத் தாளைக் கொடுப்பார்கள். அதை விவசாயிகளுக்குப் புரியும்படி கன்னடத்தில் எழுதி, அங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயிகள் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். அதுதான் தேர்வு. நானும் கூடப் போனேன். பஸ்ஸில் சும்மா இருக்க முடியவில்லை. எதிர்க்கிறவனாக இருந்தாலும் எதிலும் ஒரு யோசனை சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். "இங்கிலீஷ் மாசத்தை எழுதாதே பாப்பா. அவங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் எல்லாம் பேஜார். நம்ம ஆளுங்க மாதிரி மாசப் பேர் சொல்லு, ஒட்டிக்கும்" என்றேன். அவளும் நல்ல யோசனை என்று தலையாட்டினாள்.

அந்த யோசனைக்குத்தான் உள்ளே அத்தனை பேரும் சிரித்தார்கள். குறிப்புத் தாளில் ராகியை ஜூலை பின்பாதியில் விதைக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது. ஜூலை பின்பாதி என்றால் நமக்கு ஆடி. ஆடி என்றால் கன்னடத்தில் ஆஷாடம். பெங்களூரில் பிறந்த எந்தத் தமிழனைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வான். புடவைக் கடைகளில்கூட எங்களுக்கு ஆடித் தள்ளுபடி, அவர்களுக்கு ஆஷாடத் தள்ளுபடி. அவர்களும் நாங்களும் கல்யாணம் வைக்காத மாதம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தே வளர்ந்தோம். ஆனால் அவர்கள் கணக்கு அமாவாசையை வைத்து. ஆஷாடம் நம் ஆடிக்குப் பல நாள் முன்னாலேயே தொடங்கி, ஆடி அமாவாசையோடு முடிந்துவிடும். பாப்பா சொன்னபடி ஆஷாடம் பிறந்ததும் விதைத்தால் ஏறக்குறைய மூன்று வாரம் முந்திப்போகும். சில வருடம் அப்போது மழையே இருக்காது.

வெளியே வந்தவள் முகம் சிவந்திருந்தது. "உன் ஆடி வேற, அவங்க ஆஷாடம் வேறண்ணா" என்றாள். நான் ஆறுதல் சொல்லத் தயாரானேன். வரும்போதே நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன், ரிச்சர்ட்ஸ் டவுன் கல்லூரியில் இன்னும் இடம் இருக்கிறது என்பது உட்பட. அவள் நிறுத்தவில்லை. "சிரிச்சு முடிச்சதும் ஒரு பெரியவர் கேட்டார், 'யாவ மளெகம்மா?' எந்த மழைக்கும்மா விதைக்கச் சொல்றேன்னு."

மழைக்குப் பெயர் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கன்னட விவசாயிகள் மழையை நட்சத்திரத்தின் பெயரால் அழைக்கிறார்கள். ரோகிணி மழை, ஆருத்ரா மழை, புனர்வசு மழை, புஷ்ய மழை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம். எந்த மழைக்கு எதை விதைப்பது என்பதுதான் அவர்கள் பஞ்சாங்கம், நாட்காட்டி எல்லாமே. இவளுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. நானாக இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது சமாளித்திருப்பேன், அல்லது குறிப்புத் தாளின் மேல் பழி போட்டிருப்பேன். பாப்பா தாளை மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் பெரியவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியாது ஐயா. நீங்க எந்த மழைக்கு விதைப்பீங்க? சொல்லுங்க, மாத்தி எழுதுறேன்" என்று கேட்டிருக்கிறாள். அவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் மறுத்தார். இருவருக்கும் ஊர் வேறு, மண் வேறு. கொஞ்ச நேரம் அவர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம். அது முடியும்வரை கேட்டுவிட்டு, புஷ்ய மழைக்கு என்று திருத்தி எழுதி, மறுபடியும் படித்துக் காட்டினாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சில நாள் கழித்து, தேர்வானவர்கள் பட்டியலைப் பார்க்க, அவளுக்குச் சொல்லாமல், ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில் நான் பஸ் ஏறிப் போனேன். அறிவிப்புப் பலகையில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. ஏதோ அவமானம்போல முதலில் சுருக்கென்றது. அப்புறம் அங்கேயே, செம்மண் புழுதியில் நின்றுகொண்டு, அழுதுவிட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனத்துக்கு அவளைக் கடன்காரியாக்கப் பார்த்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. கடன் அவள் பேரில் இருக்காதுதான். ஆனால் ஆயுசு முழுக்க அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்கும் அளவுக்கு நான் மகான் இல்லை.

படித்த வருடங்களில் அவள் செருப்பில் எப்போதும் செம்மண் இருந்தது. அவள் எழுதியவை ஒரு கன்னட விவசாய மாத இதழில் வரத் தொடங்கின. லாரி ஆபீசுக்கு வரும் டிரைவர்களிடம் சும்மா பெருமைக்காகக் காட்டினேன். தும்கூர், ஹாசன், கோலார் பக்கத்து ஆட்கள் அவர்கள். பெருமையை யாரும் கண்டுகொள்ளவில்லை, தாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த முறை வந்தபோது, "இன்னொண்ணு இருந்தா கொடுங்க சார், ஊர்ல அண்ணன் கேட்டார்" என்றார்கள். என் முதலாளி, ஆபீசை நூலகமாக்கிவிட்டேன் என்று திட்டினார்.

படிப்பு முடிந்து, விவசாயிகளுக்கான ஒரு தகவல் மையத்தில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று, மனதில் இத்தனை காலம் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். நீ தோற்க வேண்டும் என்று மரத்தடியில் உட்கார்ந்து வேண்டினேன் பாப்பா என்றேன். அவள் சாதத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. "தெரியும்ணா. நான் வெளிய வந்து புஷ்ய மழைன்னு சொன்னதும் உன் மூஞ்சி தொங்கிப்போச்சே" என்றாள். பிறகு குழம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், விவசாயக் கண்காட்சி ஒன்றில் அவளுடைய மையத்துக்கு ஒரு கடை கொடுத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன என் கையில் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரத்தைத் திணித்து, விநியோகம் செய்யச் சொல்லிவிட்டு, அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள். தூரத்தில் அவளைச் சுற்றி விவசாயிகள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், அவள் எழுதிக்கொண்டே இருக்கிறாள். அப்போது தலையில் துண்டு கட்டிய ஒருவர் என்னிடம் வந்து, கண்ணாடி எடுத்துவரவில்லை, கொஞ்சம் படித்துக் காட்டுங்கள் என்றார்.

நான் படித்தேன். என் கன்னடம் லாரி ஆபீஸ் கன்னடம். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அவர் ஒரு இடத்தில்கூட என்னை நிறுத்தவில்லை, ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் கேட்கவில்லை. புஷ்ய மழை தவறினால் என்ன செய்வது என்ற வரி வந்தபோது "ஹௌது, ஹௌது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முடித்ததும் தாளை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை, ஆமாம் என்று சொல்லும்படி இருந்தது, அவ்வளவு போதும். எனக்குத்தான் போதவில்லை. அவர் பத்தடி போயிருப்பார். கண்காட்சிக் கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி அவரைக் கூப்பிட்டு, அதோ நிற்கிறாளே, அவள்தான் எழுதினாள், என் தங்கை என்று சொன்னேன்.