சொந்தமில்லை என்று எழுதியது

என் மகளின் இடது சிறுநீரகத்தை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் ஆறு வாரம் இருந்தோம். அப்போது அவளுக்கு எட்டு மாதம். அந்த ஆறு வாரத்தில் பார்த்த வேலையைவிட, அதற்கு முன்பே ஒரு படிவத்தில் நான் எழுதியிருந்த ஒரு சொல்தான் என்னை அதிகம் களைக்க வைத்தது.

நானும் என் கணவரும் சொந்தம். அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் விலங்கியல் படித்தவள். நெருங்கிய உறவில் மணம் செய்வது பற்றி எங்கள் பாடத்தில் இரண்டு பக்கம் இருந்தது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்த வருடமே எனக்கு நிச்சயமும் ஆனது.

வயிற்றிலிருக்கும்போதே குழந்தையின் ஒரு சிறுநீரகம் வீங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. பிறந்த பிறகு சென்னைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் கொடுத்த படிவத்தில் பெற்றோர் இரத்த உறவா என்று ஒரு கேள்வி. கணவர் சீட்டு வரிசையில் நின்றிருந்தார். எனக்கு முன்னால் இருந்த பெண்ணிடம் நர்ஸ், “படிச்சவங்களே இப்படிப் பண்ணா எப்படிங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதைப் பற்றிக் கேட்டாள் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் இடம் பிறவியிலேயே குறுகலாக இருக்கிறது, மூத்திரம் இறங்காமல் தேங்குகிறது என்றார் அறுவை மருத்துவர். நடுத்தர வயதுப் பெண், குரலே உயராது. குழந்தைக்கு எட்டு மாதமானபோது இடுப்புக்கு மேலே சின்னக் குழாய் ஒன்றைச் செருகி, பையில் வடியவிட்டார்.

“ஸ்கேன் ரெண்டுங்கெட்டானா இருக்குது. தினம் எவ்வளவு வடியுதுன்னு அளந்து எழுதிட்டு வாங்க. நல்லா வந்தா அடைப்ப வெட்டித் தைச்சிடலாம். வரலைன்னா எடுத்துடறதுதான் நல்லது.”

வேங்கிக்காலில் எங்களுக்கு வாடகை வீடு. கணவர் கலெக்டர் ஆபீசில் கிளார்க். அவர் வேலைக்குப் போன பிறகு நானும் பையும்தான். வடிந்ததை அளவுக் குவளையில் ஊற்றி, தரையில் வைத்து, கன்னம் தரையில் படக் குனிந்து பார்ப்பேன். எழுதுவேன். சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி குனிவேன். குழந்தை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். குழாயை இழுத்துவிடாமலிருக்க வயிற்றைச் சுற்றித் துணி கட்டியிருந்தேன். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, “என்னாடி, உம் பொண்ணு கண்டக்டராட்டம் பைய மாட்டிகினு வரா? செங்கத்துக்கு ஒரு டிக்கெட் குடு கண்ணு!” என்றாள். சிரித்தேன். சிரிப்பதும் ஒரு வேலையாக இருந்தது.

ஆறு வாரம் முடிந்து நாங்கள் சென்னைக்குக் கிளம்பிய நாள் பௌர்ணமி. பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மலை சுற்ற வருகிறவர்களுக்கு எதிராகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் சாலைவரை நடந்தோம்.

மறுநாள் மாலை, அறுவைக்கு முன்பு, மருத்துவர் ஒரு தாளோடு எங்கள் கட்டிலருகே உட்கார்ந்தார். ஆபரேஷனில் எப்படியும் வெட்டியெடுக்கும் குறுகலோடு, சிறுநீரகத்திலிருந்து அரிசியளவு ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அடைப்பினால் அதிலுள்ள ஜீன்களின் வேலை எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்களாம்.

“ஜீன் எப்படி மேடம் மாறும்?” என்றேன்.

“ஜீன் மாறாதும்மா. எது வேலை செய்யுது, எது சும்மா கெடக்குதுங்கறது மாறும். அழுத்தம் ஜாஸ்தியானா தழும்ப உண்டாக்குறது சிலது விடாம வேலை செய்யும். சிறுநீரகம் வளர்றதுக்கு ஒத்தாசையா இருக்குறது சிலது கம்மியாயிடும். எதெதுன்னு தெரிஞ்சுக்கப் பாக்குறோம். உங்க பொண்ணுக்கு இதால இப்ப ஒண்ணும் ஆகப்போறதில்ல. வேணாம்னாலும் ஆபரேஷன் அதேதான்.”

கணவர் எந்தத் தாளையும் வரி விடாமல் படிப்பவர். பாதியில் நிறுத்தினார்.

“மேடம், இது தப்பா இருக்குதுங்க. பெற்றோர் உறவு இல்லைன்னு போட்டிருக்குது. நான் இவளுக்குத் தாய்மாமனுங்க.”

“முதல் படிவத்துல இருந்து எடுத்ததுங்க” என்றார் மருத்துவர்.

“நான்தான் எழுதினேன்” என்றேன்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏன்டி, என்னை என்னா ரோட்டுலயா புடிச்ச?”

நான் மருத்துவரிடம், “எங்களாலதான் வந்துச்சா?” என்று கேட்டேன்.

“சொந்தத்துல கட்டாதவங்க குழந்தைங்களுக்கும் இது வருது. உங்களாலதான்னு நான் சொல்ல மாட்டேன். இல்லவே இல்லைன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது.” ‘இல்லை’யை அடித்து, மேலே ‘தாய்மாமன்’ என்று எழுதினார். “ஆனா எங்ககிட்ட பொய் எழுதாதீங்கம்மா. உங்க நோட்ட நம்பித்தான் நாளைக்கு முடிவு பண்ணப்போறேன்.”

நோட்டிலும் ஒரு பொய் இருந்தது. மூன்று நாள் பை கசிந்து குழந்தையின் பாவாடை நனைந்திருந்தது. போனதை உத்தேசமாகச் சேர்த்து எழுதியிருந்தேன். குறைந்தால் எடுத்துவிடுவார்களே. கொஞ்சம் தாராளமாகவே சேர்த்திருக்கலாம். அந்தப் பக்கங்களைத் தேடிக் காட்டினேன். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மருத்துவர் அந்த மூன்று நாட்களையும் அடித்தார். விடியும்வரை வடிவதை வார்டிலேயே அளக்கச் சொல்லிவிட்டுப் போனார். துண்டு எடுக்கச் சம்மதித்து நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

காலையில் அவர்கள் அளந்தது என் மற்ற நாட்களின் அளவுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது.

“சிறுநீரகத்த எடுக்கல. உள்ளதான் இருக்குது” என்றார் மருத்துவர், மதியம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து. “எவ்வளவு தேறும்னு ஆறு மாசம் கழிச்சுப் பாத்துதான் சொல்ல முடியும். அப்புறம் வருஷா வருஷம் பாத்துகினே இருக்கணும்.”

வருஷா வருஷம் என்பதை மனதுக்குள் எண்ணிப் பார்க்கத் தொடங்கி, அவளுக்குப் பத்து வயது வருவதற்குள் விட்டுவிட்டேன். அந்தத் துண்டில் எந்த ஜீன் ஓய்ந்திருந்தது, எது ஓயாமல் உழைத்தது என்று அவர்கள் பிறகு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று உள்ளே அவள் மயக்கம் தெளிந்து அழும் சத்தம் கேட்டது. கணவர்தான் முதலில் எழுந்தார். எனக்கு எழ இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.