ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல்

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு ‘மில்லி’ என்று பெயர் வைத்தவர்கள் வேலையை விட்டுப் போய்ப் பல வருடமாகிவிட்டது; பெயர் மட்டும் நின்றுவிட்டது. எதைக் கேட்டாலும் மில்லிமீட்டரில்தான் சொல்வாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் இது வேறு மில்லி என்று நினைத்து ஒரு வாரம் அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவள் குடிப்பதோ சர்க்கரை போடாத தேநீர்.

இருபத்தாறு வருடமாக முகம் தெரியாதவர்களின் வாய்களுக்கு ஈறு வார்த்துப் பல் பதித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் பார்த்த வேலையை இப்போது அவளும் மாவுக்காரியும்தான் பார்த்தார்கள். பல் அச்சுகளுக்கு மாவு குழைத்து ஊற்றுகிறவள் என்பதால் அவள் மாவுக்காரி. சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே வரும்போது மில்லி வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் வருவாள்.

கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். மதியம் ஏறினால் இரவு பதினொன்றுக்குத்தான் இறங்குவார். அவள் கிளம்பும்போது அவர் தூக்கத்தில். அவர் வரும்போது அவள் தூக்கத்தில். மகள் கல்யாணமாகிப் போன பிறகு இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான். ‘கேஸ் வந்தாச்சு.’ ‘குழாய் ஒழுகுது.’

மூன்று வருடத்துக்கு முன் அவர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ பஸ்ஸில் விட்டுப் போனது. ஆறு மாதமாக யாரும் தேடி வராததால், இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று டிப்போவில் தள்ளிவிட்டார்கள். உள்ளே கட்டைவிரல் உயரத்தில் அறுபது பிளாஸ்டிக் உருவங்கள்: குதிரைக்காரர்கள், ஈட்டிக்காரர்கள், ஓநாய்கள். கூடவே விதிமுறைப் புத்தகமும் பகடைகளும். குதிரைகளை அவர் எடுத்துக்கொண்டார், ஓநாய்களை அவள் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையின் பாதி போர்க்களமாகிவிட்டது. அவர் வேலைக்குக் கிளம்புமுன் ஒரே ஓர் உருவத்தை நகர்த்திவிட்டுப் பகடையில் விழுந்ததைச் சீட்டில் எழுதி வைப்பார். அவள் வந்து, சீட்டைப் படித்து, தானும் ஒன்றை நகர்த்துவாள். அவர் ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. ஏமாற்றியிருந்தால் இத்தனை முறை தோற்றிருக்க மாட்டார்.

அப்படித்தான் ஒரு நாள் ஃபிரிட்ஜில் வேறு சீட்டு இருந்தது. ‘என் ரூட்டுல ஒரு ஹால்ல போட்டி நடக்குது. உன் பேரைக் குடுத்துட்டேன். மூணாவது ஞாயிறு. திட்டாதே.’

திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. கீழே போட்டிக்காரர்கள் கொடுத்த தாள் இருந்தது. நாற்பது மில்லிமீட்டர் அகலத்தில் ஆறு வட்ட வில்லைகள் – களத்தில் வைத்துக் கைப்பற்ற. அடிபட்டதைக் காட்டச் சின்ன டோக்கன்கள் முப்பது. படையை மொத்தமாக நகர்த்தத் தட்டுகள். அங்குலத்தில் அளக்கும் டேப். இதுவரை அவர்கள் பாட்டில் மூடிகளையும் சட்டைப் பித்தான்களையும் வைத்துச் சமாளித்தவர்கள். ‘அங்குலமாம்’ என்று அவள் தனக்குள் முனகிக்கொண்டாள்.

மதிய இடைவேளையில், சாப்பிட்ட கையோடு, மீந்துபோன ஈறு நிற அக்ரிலிக்கில் வில்லைகளை வார்க்க ஆரம்பித்தாள். மாவுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“யாருக்குக்கா இது? ஈறு மட்டும் இருக்கு, பல்லைக் காணோம்?”

“போட்டிக்குடி. பொம்மைச் சண்டை.”

“உக்காரவே நேரமில்ல நமக்கு. உனக்குச் சண்டை வேறயா?”

மில்லி அச்சை மூடி இறுக்கினாள். ஆனால் மறுநாள் மாவுக்காரிதான், பல் செட் அனுப்பும் சின்னப் பெட்டிகளில் மூலை நசுங்கியதாக முப்பது பொறுக்கி, பஞ்சு வைத்து, ஆளுக்கொரு பெட்டியாக அவள் படைக்கு வீடு கட்டிக் கொடுத்தாள்.

இரண்டாவது வாரம் வேலை தலைக்கு மேல் ஏறியது. ஒரு மதியம் வில்லைகள் இறுகுவதற்காக அச்சோடு வெந்நீரில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் கண் அசந்துவிட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதித்து, ஆறு வில்லைகளும் உள்ளே குமிழ் குமிழாகப் பொங்கிப்போயின. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில்கூடச் செய்யாத தப்பு. குப்பையில் கொட்டினாள். போட்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. பிறகு புது அச்சு எடுக்க மறுபடி மெழுகை உருக்கினாள். ஆறும்போது சுருங்குமென்று அரை மில்லி கூட்டி வார்த்து, உரசி, அளந்தாள். ஆறும் சொல்லிவைத்தாற்போல் நாற்பது.

போட்டிக்கு முந்தின ஞாயிறு அவர் வேறொருவரிடம் பேசி ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். மூன்று வருடத்தில் முதல் முறையாக எதிரெதிரே உட்கார்ந்து ஆடினார்கள். தாளில் போட்டிருந்தபடி இரண்டரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்தார்கள். அவள் முதல் ஓநாயை எங்கே வைக்கலாம் என்று யோசித்து நிமிர்ந்தபோது, அவர் நாற்காலியிலேயே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி எழுப்பி ஆடியும், அலாரம் அடித்தபோது ஆட்டத்துக்குரிய ஐந்து சுற்றில் இரண்டுகூட முடியவில்லை.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாம் தயார் செய்தாயிற்று. ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட அவள் ஒரு மாதத்துக்குள் ஆடி முடித்ததில்லை.

“பஸ்ஸுல ஒரு ஸ்டாப்புக்கு இவ்வளவு நேரம்தான்மா,” என்றார் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு. “ஆளு ஏறலைன்னாலும் கிளம்பிடணும். அந்த மாதிரி ஆடு.”

“உங்க பஸ்ல ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஆள் சாகுறதில்லீங்க.”

இருந்தாலும் அன்று மாலை ஒரு அட்டையில் சுற்றுக்கு இருபத்தைந்து நிமிடம் என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்தாள்.

போட்டி அன்று ஹாலில் பன்னிரண்டு மேஜைகள். முதல் ஆட்டத்தில் எதிரே ஒரு மருந்துக்கடைக்காரர். படபடவென்று பகடை உருட்டினார். அவள் யோசித்து யோசித்து வைப்பதற்குள் நேரம் முடிந்து, தோற்றுவிட்டாள்.

“எத்தனை நாளா ஆடுறீங்க?” என்று மரியாதையாகக் கேட்டார்.

“மூணு வருஷம். பதினாறு ஆட்டம்.”

அவர் விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் அட்டையைப் பார்த்துப் பார்த்து அவசரப்பட்டாள். ஓநாய்கள் மொத்தமும் எதிராளியின் குதிரைகளின் வாயிலேயே போய் விழுந்தன. சாப்பாட்டு இடைவேளையில் மேஜை மேல் தலையைச் சாய்த்தவளை நடுவர் வந்து தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

மூன்றாவது ஆட்டத்துக்கு எதிரே ஒரு பள்ளிக்கூட டீச்சர் பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற அவசரத்தில் வில்லைகளை வீட்டிலேயே விட்டுவிட்டாளாம்.

“என்னுது ஆறு இருக்கு. ரெண்டு பேருக்கும் இதுவே போதும்,” என்று மில்லி எடுத்துப் பரப்பினாள்.

டீச்சர் ஒரு ஓநாயைத் தூக்கிப் பார்த்தாள். “பல்லு நிஜப் பல்லு மாதிரியே இருக்கே.”

“நான்தான் பூசினேன். அறுபது வயசுக்காரங்களுக்குப் போடுற கலர். கொஞ்சம் மஞ்சளா இருக்கும்.”

டீச்சரும் களைத்துத்தான் இருந்தாள். இருவரும் அதிகம் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பு இல்லை. மில்லி கை போன இடத்தில் வைத்தாள். மூன்று வருடமாகப் பார்த்த களம், கைக்கே தெரிந்திருந்தது. ஐந்து சுற்றும் முடிந்து நிமிர்ந்தபோது இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. ஆறில் நான்கு வில்லைகள் அவள் பக்கம். இருபத்து நான்கு பேரில் இருபத்தோராவது இடம்.

பெட்டியோடு வெளியே வந்து நின்றபோது ஆறரை மணி. அவர் பஸ்தான் வந்தது. முன்வாசல் வழியாக ஏறினாள்.

“என்னாச்சு?”

“ஒண்ணு ஜெயிச்சேன்.”

அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அவள் முதல் இருக்கையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். வீட்டு நிறுத்தம் வந்தபோது அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார், எழுப்பவில்லை.

அவள் விழித்தபோது பஸ் கடைசி நிலையத்தில் காலியாக நின்றது. அவர் தன் இடத்தை விட்டு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

“திரும்பக் கிளம்ப எட்டு நிமிஷம் இருக்கு,” என்றார். “ஓநாயை எங்க வச்சே, சொல்லு.”

“நாளைக்கு எழுதி வைக்கிறேங்க. கை வலிக்குது.”

சரி என்று அவர் அவள் மணிக்கட்டை எடுத்துப் பிடித்துவிட ஆரம்பித்தார்.