என் காலைக் காப்பாற்றியவன்

மதுரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி எழுதுகிறேன்.

முந்தாநாள் இராஜபாளையத்தில், என் இடது கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போனது.

"சுளுக்குதாம்லே" என்று பக்கத்து வீட்டு முருகேசன் எண்ணெய் போட்டு உருவினான். நானும் மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். மனைவிதான் அவனைத் தள்ளிவிட்டுக் கார் பிடித்தாள்.

காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. இன்னும் தாமதித்திருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தினார்கள். பாதத்தில் சூடு திரும்பிவிட்டது.

இன்று முருகேசன் சாத்துக்குடியோடு வந்தான். பாதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"ஏலே, நான் உருவுனதுல பாதி அன்னைக்கே கரைஞ்சிருச்சு. டாக்டரு மிச்சத்ததான் கரைச்சிருக்காரு."

சொல்லிக்கொண்டே மறுபடியும் உருவக் குனிந்தான்.

"அண்ணே, அவிய கால்ல கை வச்சியன்னா, ஒங்க கை ஒங்களுக்கு இல்ல" என்றாள் என் மனைவி.

"நன்றி கெட்ட குடும்பம்!" என்று சாத்துக்குடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இராஜபாளையத்து நண்பர்களே, ஆள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டான். யாருக்காவது கால் வலித்தால் தயவுசெய்து அவன் கண்ணெதிரே நொண்டாமல் நடங்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு.