கரைப் பாவில் தொங்கிய ஸ்பானர்

எங்கள் ஊரில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் புடவையை விரித்துக் காட்டுவார்கள். நான் ஸ்பானரைக் காட்டுவேன். வந்தவர் முகத்தில் ஈயாடாது. என் மனைவி காபியைக் கொடுத்துக்கொண்டே, "பித்தம் தலைக்கேறிடுச்சு, கண்டுக்காதீங்க" என்பாள். பேருந்து நிலையத்துக்கு அருகே வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன் நான். கடையில் விற்கிற புது ஸ்பானர் எதன்மேலும் எனக்கு ஆசை கிடையாது. பழைய சீமைக் காரோடு கப்பலில் வந்து, காயலான் கடையில் துருவேறிக் கிடக்கிற ஸ்பானர் என்றால் மட்டும் கை பரபரக்கும்.

துருவைத் துடைத்து, வாயின் அளவு பார்த்து, கைப்பிடியில் இருக்கும் எழுத்தைப் படித்து, இது எந்தக் காரோடது, எந்தக் காலத்தது என்று சொல்வதில் ஒரு திமிர் இருக்கிறது. என்னைப் போன்ற பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. யாராவது ஒரு படத்தைப் போட்டு, "காஞ்சிபுரத்தார் என்ன சொல்றார்?" என்று கேட்டுவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

ஒரு பழைய காரின் டூல்ஸ் பை முழுவதையும் சேர்த்துவிட்டேன், ஸ்க்ரூ ஸ்பானர் ஒன்றைத் தவிர. திருகு சக்கரத்தைச் சுற்றி வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பானர் அது. ஊர் ஊராகத் தேடியது கடைசியில் பிள்ளையார்பாளையத்தில், என் அக்கா வீட்டுத் தறியில் தொங்கிக்கொண்டிருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. புடவையின் உடம்புக்கு ஒரு பாவு, கரைக்குத் தனிப் பாவு. கரைப் பாவு விறைப்பாக நிற்க எடை கட்டித் தொங்கவிடுவார்கள். செங்கல் கட்டுகிறவர்கள் உண்டு, மணல் மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு. மாமா, அதாவது அக்காவின் கணவர், என் ஸ்பானரைக் கட்டியிருந்தார். பட்டில் துருக்கறை படாமலிருக்கக் கைப்பிடி முழுக்கத் துணி சுற்றியிருந்தது. வாயும் திருகு சக்கரமும் மட்டும் வெளியே தெரிந்தன. எனக்கு அது போதும்.

"நடுவுல எடைய மாத்துனா கரை கெட்டுடும். பாவு முடியட்டும்பா, எடுத்துக்கினு போ," என்றாள் அக்கா.

நெசவாளி வீட்டில் பிறந்தவன் இதை நம்பலாமா? ஒரு பாவு முடிகிறபோதே அதன் நுனியில் புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்த்துவிடுவார்கள். தறி வெறுமையாக நிற்கவே கூடாது. நானும் ஒவ்வொரு தடவையும் போய் நிற்பேன். "இப்பதான்பா சேத்தோம்," என்பாள் அக்கா, ஏதோ நான் வழியில் டீக்கடையில் நின்றுவிட்டு வந்ததுபோல.

வாய் சும்மா இருக்கிறதா? கிடைத்துவிட்டது என்று குழுவில் எழுதிவிட்டேன். குழுவில் பெரிய கை ஒரு கோயம்புத்தூர்க்காரர். கைப்பிடியில் கம்பெனி எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன், நேரிலேயே வருகிறேன் என்றார். எழுத்து இல்லையென்றால் இனி என் வார்த்தையை அங்கே நாய்கூடச் சீந்தாது.

மழை கைகொடுத்தது. தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி, சிமென்ட் பூச வேண்டியிருந்ததால் பாவைச் சுருட்டித் தறியைப் பிரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன். மறுநாளே வந்துவிட்டார். அக்கா கொடுத்த காபியை ஓரமாக வைத்துவிட்டு லென்சும் கையுமாக உட்கார்ந்தார். நான்தான் துணியைப் பிரித்தேன்.

கைப்பிடி மொழுமொழுவென்று இருந்தது. ஓர் எழுத்து இல்லை. அரம் போட்டு ராவிய தடம் மட்டும் இருந்தது.

"பேரை ராவிட்டாங்கன்னா அது திருட்டுச் சாமானுங்க," என்றார் அவர்.

"நான்தாங்க ராவினேன்," என்றார் மாமா, பல்லெல்லாம் தெரிய. "எழுத்து மேடா இருந்துச்சு, நூல்ல மாட்டிக்கினே இருக்கும். எடையும் கொஞ்சம் தூக்கல். ராவினதுக்கப்புறம் பாருங்க, கரை கோடு போட்ட மாதிரி உக்காந்துச்சு."

கோயம்புத்தூர்க்காரர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுத்தை ராவுற திருடனெல்லாம் இப்படித்தானுங்க ஒரு கதை சொல்லுவான்," என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் மாமாவைத் திருடனாக்கிக் குழுவில் எழுதிவிடுவார்.

"இது கார் ஸ்பானரே இல்லைங்க. லோக்கல் பட்டறைச் சாமான். நான்தான் தப்பா சொல்லிட்டேன்," என்றேன். லோக்கல் சாமானை எவன் திருடிக்கொண்டு வந்து ராவப் போகிறான்? அந்த வாயின் வளைவும் திருகு சக்கரத்தின் வரியும் அசல் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "அதானே பார்த்தேனுங்க," என்று காபியை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தார். அவர் பஸ் ஏறுவதற்கு முன்பே செய்தி குழுவில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் அங்கே யாரும் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

போகட்டும், மாமாவின் மானம் தப்பித்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சிமென்ட் காய்ந்து, அதே ஸ்பானரைக் கட்டித் தறி திரும்ப ஓட ஆரம்பித்ததும் அக்கா போன் செய்தாள்.

"மாமா உன்மேல செம கோவமா இருக்குறாருப்பா."

"அந்தாளு திருடன்னு சொன்னதுக்கு நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

"அத்த வுடு. அவனுக்குத் தறியப் பத்தி இன்னா தெரியும்னு அன்னிக்கே சிரிச்சிட்டாரு. நீதான் லோக்கல்னு சொல்லிட்டியாமே. இத்தினி வருஷமா நம்ம கரைய புடிச்சிக்கினு நிக்கிற சாமான போயி மச்சானே லோக்கல்னுட்டானேன்னு சோறுகூட எறங்கல அவருக்கு. ஒரு நட வந்து, அது ஒசத்தி சாமான்தான்னு உன் வாயால சொல்லிட்டுப் போப்பா. நீ சொன்னா நம்புவாரு."