அராவி எடுத்த பெயர்

ட்சுயாமா ஊரில் சலவைக்கடை வைத்திருந்த ஒச்சியாய் கஸுயொஷி கறைகளோடு மல்லுக்கட்டியே ஐம்பத்து நான்கு வயதை எட்டியவர். சோயா சாஸ், மை, உதட்டுச்சாயம், செர்ரிப் பூ பார்க்கப் போன இடத்தில் கொட்டிக்கொண்ட ஸாகே என்று எது வந்தாலும் மறுநாள் மாலை இருந்த இடம் தெரியாது. அப்படிப்பட்டவர் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் நுழைந்ததும் துருவைக் கும்பிடுவார். வாளின் அலகு பளபளக்கலாம். கைப்பிடிக்குள் செருகியிருக்கும் காம்பு மட்டும் துருவேறியபடியேதான் இருக்க வேண்டும். முந்நூறு வருடத் துருவைத் தேய்த்தவனை வாள் சேகரிப்பவர்கள் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவரைச் சேகரிப்பவர் என்று சொல்வதே கொஞ்சம் மிகை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு வாள். மலைக்கிராமத்துப் பண்ணைவீடு ஒன்றை இடித்தபோது கிடைத்தது. கைப்பிடியைக் கழற்றினால் காம்பில் ‘முனெத்தொமோ’ என்று, வாளை அடித்த கொல்லரின் பெயர், உளியால் வெட்டியிருக்கும். முதல் எழுத்து நிமிர்ந்து நிற்கும். இரண்டாவது சரிவில் கால் வைத்தவன் போலக் கீழே வழுக்கும். கடைசிக் கோடு பாதியில் நின்றுபோகும். அந்தப் பெயரைப் பதினோரு வருடமாக அவர் நம்பியிருந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு நம்பியதில்லை. பிள்ளை ஒஸாகாவில் இருந்தான்.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. டோக்கியோ நிபுணர் குழுவிடமிருந்து ‘இது முனெத்தொமோவின் வாள்’ என்று ஒரு காகிதம் வர வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால், அந்தச் செப்டம்பரில், வாளைக் கனேமாருவிடம் காட்டினார். கனேமாரு பல் மருத்துவர், வாள் சங்கத்தின் துணைத்தலைவர், நாற்பது வாளுக்குச் சொந்தக்காரர். ஒச்சியாயின் வாயிலிருந்து மூன்று பற்களைப் பிடுங்கியவரும் அவர்தான். மூன்றும் பிடுங்க வேண்டியவைதானா என்று ஒச்சியாய் கேட்டதில்லை. நிபுணரிடம் அப்படிக் கேட்பது மரியாதை அல்ல.

கனேமாரு லென்ஸை வைத்துக் காம்பை வெகுநேரம் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே பார்த்தார் என்று பிறகு தோன்றியது.

“வாள் நல்ல வாள்தான், ஒச்சியாய்-சான். பேருதான் பொய்.”

“பொய்யா, டாக்டர்?”

“இப்படியா எழுதுவாரு அந்த மனுஷன்? என்கிட்ட இருக்கற புஸ்தகத்துல அவர் போட்ட கையெழுத்து பதினாலு இருக்கு. எல்லாம் ஆணியடிச்ச மாதிரி நிக்கும். இது குடிகாரன் சுவத்துல கிறுக்கினது.”

“அப்போ அனுப்ப வேண்டாமா?”

“அனுப்பலாம். பேரை எடுத்துட்டு அனுப்புங்க. திருட்டுப் பேரைச் சுமந்துக்கிட்டு நிக்கிறது வாளுக்குத்தானே அவமானம்? சுத்தமா இருந்தா நல்ல காகிதம் கிடைக்கும். அரம் போடற சுகியேகிட்ட நானே சொல்லிடறேன்.”

உண்மையை நிலைநாட்டப் பொய்ப்பெயரை அரத்தால் அராவி எடுப்பது அந்த உலகத்தின் வழக்கம். எழுத்து இருந்தால் பொய். எழுத்து இல்லாவிட்டால் மெய். அந்த நியாயத்தில் ஒச்சியாய்க்குக் குறை எதுவும் தெரியவில்லை. அவருடைய தொழிலும் ஏறக்குறைய அதுதான்.

மனைவி ஃபுமியெ வாள் பக்கமே போகாதவள். “வீட்டுல ரெண்டு பேருக்கே இடம் பத்தல, மூணாவதா இவரு வேற” என்பாள். அன்று மட்டும் துணிமடிப்பை நிறுத்திவிட்டு வந்து காம்பைக் குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, இது வயசான கை. எங்கப்பா கடைசியில பேரெழுதினா இப்படித்தான் இழுக்கும்.”

“டாக்டரே பொய்னுட்டாரு.”

“பொய்க்கையெழுத்துப் போடறவன் அழகாப் போட மாட்டானா? ஆயிரம் யென் நோட்டு அடிக்கிறவன் தொள்ளாயிரம் யென்னா அடிப்பான்?”

“உனக்கென்ன தெரியும்?”

“எனக்கொண்ணும் தெரியாதுதான். ஒரு போட்டோவாவது எடுத்து வைங்க.”

“பொய்க்கு எதுக்குப் போட்டோ?” என்றார். பொய்ப்பெயரைப் பிரதியெடுத்து வைப்பது அவர்களிடையே கெட்ட பழக்கம். போலி நோட்டை உண்டியலில் போட்டு வைப்பது போல.

அக்டோபரில் சுகியேயின் பட்டறைக்குப் போனார். சுகியே வருடத்துக்கு நாற்பது பெயர்களை அழிப்பவர். காம்பைக் கவ்வியில் பிடித்து, எழுத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினார்.

“எதுக்கு மூடறீங்க?”

“நான் படிக்கிறதில்லைங்க. படிச்சா கை ஓடாது.”

“இது பொய்தான். டாக்டர் பார்த்துட்டாரு.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வர்றாங்க” என்றார் சுகியே. “வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. பாதியில நிறுத்தினா அது மெய்யும் இல்ல, பொய்யும் இல்ல.”

ஒச்சியாய் தலையசைத்தார். அரம் நகர்ந்தது. செந்தூள் மடியில் உதிர்ந்தது. பத்து நிமிட வேலை. பிறகு புதுத் துரு ஏற்ற எதையோ பூசி, “ஆறு மாசத்துல பழசாயிடும்” என்றார் சுகியே. ஆறு மாதத்தில் முந்நூறு வருடம்.

மார்ச்சில் காகிதம் வந்தது. முத்திரை குத்திய, கெட்டியான, அழகான காகிதம். ‘பெயரற்றது, ஹிகோ நாட்டுப் பட்டறை.’ முனெத்தொமோ ஹிகோ பக்கமே எட்டிப் பார்க்காதவர். ஆனாலும் கனேமாரு ஸாகே புட்டியோடு வந்து கொண்டாடினார். ஒச்சியாய் குடித்தார். ஃபுமியெ ஊறுகாய் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் மாதக் கூட்டம் வழக்கம்போல் கோயிலின் மாடிக்கூடத்தில் நடந்தது. காம்பைத் துணியால் சுற்றி ஒரு வாளை விளக்கின் கீழே வைப்பார்கள். ஒவ்வொருவராக வணங்கி, மூச்சு படாமல் அலகை மட்டும் பார்த்து, செய்தவர் யாரென்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு ‘பட்டது’ என்பார்கள்; அவர் காரணமும் சொல்ல வேண்டும். ஒச்சியாய் இருபது வருடத்தில் ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை.

அன்றைய வாள் கனேமாருவுடையது. ஒச்சியாய் அதைக் கையில் எடுத்தார். நுனிக்கு ஒரு சாண் கீழே, விளிம்பின் வெண்மையான அலைக்கோடு ஓரிடத்தில் தயங்கி, கண்ணாடியில் மூச்சு விட்டது போல் மங்கி, மறுபடி ஓடியது. பதினோரு வருடம் தினமும் பார்த்த முகம். தன் வாளைத்தான் எடுத்து வந்துவிட்டார்களோ என்று ஒரு கணம் நினைத்தார். இல்லை, இது இரண்டு விரல் நீளம் கூடுதல்.

சீட்டில் பெயரை எழுதினார். தப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு எழுதிய முதல் சீட்டு அதுதான்.

“பட்டது!” என்றார் சங்கத் தலைவர். “ஒச்சியாய்-சான் ஒருத்தருக்குத்தான் பட்டிருக்கு!”

“சலவைக்காரருக்கு இன்னிக்குச் சுக்கிர திசை” என்று யாரோ சிரித்தார்கள்.

கனேமாரு துணியை அவிழ்த்தார். முதல் எழுத்து நிமிர்ந்து நின்றது. இரண்டாவது வழுக்கியது. கடைசிக் கோடு பாதியில் நின்றது.

“கிழவர் எழுபது வயசுக்கு மேல, கை விழுந்தப்புறம் அடிச்சது” என்றார் கனேமாரு. “குழுவே சோதிச்சு ஏத்துக்கிட்ட கையெழுத்து. இந்த மாதிரி நடுக்கத்தோட உலகத்துலயே இது ஒண்ணுதான்.”

“எப்ப டாக்டர் வாங்கினீங்க?” என்று கேட்டார் தலைவர்.

“போன வருஷம் ஆகஸ்ட்ல.”

ஆகஸ்டில் இதை வாங்கியவர்தான் செப்டம்பரில் லென்ஸை வைத்து ஒச்சியாயின் வாளைப் பார்த்தார்.

“காரணம் சொல்லுங்க ஒச்சியாய்-சான்” என்றார் தலைவர், பேனாவைத் திறந்துகொண்டு.

ஒச்சியாய் வாளை வணங்கினார். நிமிர அதிக நேரமாயிற்று.

“இது ரெண்டாவது” என்றார். “இதே கை என்கிட்ட இருந்துச்சு. போன அக்டோபர்ல பேரை அராவி எடுத்துட்டேன். டாக்டர்தான் பொய்னு சொன்னாரு.”

கனேமாரு முகத்தில் கோபம் இல்லை; நோயாளி வாயை மூடிவிடும்போது வரும் பொறுமை மட்டும் இருந்தது.

“அப்படியா? ஏதாவது படி எடுத்து வச்சிருக்கீங்களா?”

“இல்ல. வாளோட அரசாங்கப் பதிவுச் சீட்டுல பழைய பேர் இருக்கு.”

“பேர் இருக்கும். அந்தப் பேர் போட்ட போலி ஊருக்கு நூறு. கை எப்படி இருந்துச்சுன்னு சீட்டு சொல்லுமா?”

“சுகியே...”

“சுகியே படிக்கிறதில்லையே.” கனேமாரு தலைவர் பக்கம் திரும்பினார். “ஒச்சியாய்-சான் வாளுக்குக் குழுவோட காகிதமே இருக்கு, தலைவரே. அவர் ஆசைப்பட்டு வாங்கினது. நாங்க சேர்ந்து கொண்டாடினோம். என்ன போட்டிருக்குன்னு நீங்களே சொல்லுங்களேன், ஒச்சியாய்-சான்.”

ஒச்சியாய்க்கு அது மனப்பாடம்.

“பெயரற்றது” என்றார். “ஹிகோ நாட்டுப் பட்டறை.”

கனேமாரு காம்பை மறுபடி துணியில் சுற்றினார். தலைவர் குறிப்பேட்டில் ‘ஒச்சியாய்: பட்டது’ என்று எழுதினார். காரணம் எழுத வேண்டிய கட்டத்தின் மேல் பேனாவை ஒரு நிமிடம் பிடித்திருந்தார். பிறகு அதை வெறுமையாக விட்டுவிட்டு, அடுத்த வாளைக் கொண்டுவரச் சொன்னார்.